முன் வரிசையும் கடைசி வரிசையும்



தோட்டப் பள்ளி ஒன்றின் மூன்றாம் ஆண்டு வகுப்பறையைச் சற்றே மனக்கண்முன் கொண்டு வாருங்கள். 22 பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். பலகையில் 10 பெருக்கல் கணக்குகள். கடைசிக் கணக்கை எழுதிவிட்டு ஆசிரியர் திரும்புவதற்குள், முன் வரிசையில் இருக்கும் ஒரு சிறுமி, "முடிச்சிட்டேன் சார்" என்று கையை உயர்த்துகிறாள். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் இன்னும் தேதியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான். ஆசிரியர் என்ன செய்கிறார்? சிறுமியைப் பேசாமல் இருக்கச் சொல்கிறார். சிறுவனைச் சீக்கிரம் எழுதச் சொல்கிறார். பிறகு இடையில் இருக்கும் 20 பேருக்குப் பாடம் நடத்துகிறார்.

அந்த வகுப்பு எங்கள் வகுப்பு. அந்த ஆசிரியரும் நாங்கள்தாம். அந்த இரண்டு பிள்ளைகளும் எங்களுக்குக் கற்பித்ததையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் கடைசி வரிசைச் சிறுவனைப் பார்ப்போம். 'மந்தமானவன்' என்ற பெயர் முதலாம் ஆண்டிலேயே அவனுக்கு வந்துவிட்டது. நாங்களும் அதை நம்பினோம். ஒருநாள் அவன் தாயார் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். "அடிச்சும் பார்த்துட்டேன் சார், மண்டையில ஏறல. நீங்களும் அடிச்சே சொல்லிக் குடுங்க, நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்" என்றார். தாயே இப்படிச் சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறார் என்றால், அந்தப் பிள்ளை வீட்டில் பட்ட பாடு என்ன? அன்றுதான் அவனை உண்மையாகக் கவனிக்கத் தொடங்கினோம்.

பின்தங்கும் பிள்ளையிடம் முதலில் பார்க்க வேண்டியவை கண்ணும் காதும். பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை, அதுதான் எல்லாருக்கும் தெரியும் காட்சி என்று எண்ணிக்கொள்ளும். வாய் திறந்து சொல்லாது. காதில் அடிக்கடி சீழ் வடியும் பிள்ளைக்கு ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் கேட்காது. இந்தச் சிறுவனை அரசாங்கச் சுகாதார மையத்திற்கு அனுப்பினோம். கண்ணும் காதும் நன்றாகவே இருந்தன.

அடுத்து, எங்கே தடுக்கி விழுகிறான் என்று குறித்து வந்தோம். கதை சொன்னால் நினைவில் வைத்துத் திருப்பிச் சொன்னான். வாய்க்கணக்கில் தடுமாற்றம் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வியர்த்தான். தமிழ் எழுத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ககரம் பின்னால் வருகிறது. உச்சரிக்கும்போதோ ககர ஒலி முதலில், எகரம் பின்னால். 'கொ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறிகள். துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. நமக்குப் பழகிவிட்டதால் இவை கண்ணில் படுவதில்லை. அவனுக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு புதிர். மருத்துவரும் பின்னர் உறுதி செய்தார். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு அது. அறிவுக் குறைவால் வருவதன்று, சோம்பலால் வருவதுமன்று. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் தனிப்பட்ட சிரமம். அடித்தால் அது தீராது; அச்சம்தான் கூடும்.

என்ன செய்தோம்? நாள்தோறும் 15 நிமிடம் அவனுக்கென ஒதுக்கினோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறி. கொம்பை ஓர் அட்டையிலும் மெய்யொலிக்குரிய எழுத்தை இன்னோர் அட்டையிலும் வெவ்வேறு நிறத்தில் எழுதி, அவன் கையாலேயே சேர்க்கவும் பிரிக்கவும் விட்டோம். தட்டில் மணலைப் பரப்பி, ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொன்னோம். கண், காது, கை மூன்றும் ஒன்றாக வேலை செய்தால் எழுத்து மனத்தில் தங்கும். மற்றவர் முன்னிலையில் உரக்க வாசிக்கச் சொல்வதை நிறுத்தினோம். கணிதத் தாளில் உள்ள கேள்விகளை நாங்களே வாசித்துக் காட்டினோம். விடையை அவன் கண்டான். ஓராண்டு கழிந்தது. இன்றும் அவன் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஆனால் வாசிக்கிறான்.

எல்லாப் பிள்ளைகளின் நிலையும் இதுவன்று. அறிவு வளர்ச்சியே தாமதமாக உள்ள பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைக்க வேண்டும். 'கைகழுவு' என்பது நமக்கு ஒரு வேலை. அவர்களுக்கோ குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சவர்க்காரம் போடுவது, தேய்ப்பது, அலசுவது, குழாயை மூடுவது, துடைப்பது என்று ஏழு வேலைகள். ஒரு படி கைவந்த பிறகே அடுத்த படி. கணக்கையும் கடைச் சாமான், சில்லறைக் காசு ஆகியவற்றைக் கொண்டே கற்பிக்கலாம்.

இத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு பகுதி உண்டு. சிறப்புத் தேவையுடைய பிள்ளை எவரையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019-இல் நடப்புக்கு வந்தது. மருத்துவரின் உறுதிக் கடிதத்தோடு மாவட்டக் கல்வி இலாகாவை அணுகலாம். சமூக நல இலாகாவிலும் பதிந்துகொள்ளலாம். "பதிஞ்சா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்று தயங்கும் பெற்றோரை நாங்கள் அறிவோம். ஊர் ஒரு மாதம் பேசும்; பிள்ளையோ ஆயுள் முழுவதும் வாழ வேண்டும்.

இனி முன் வரிசைச் சிறுமியிடம் வருவோம். சீக்கிரம் முடித்தாள் என்பதற்காக அவளுக்கு மேலும் 10 கணக்குகள் கொடுத்தோம். அதையும் முடித்தாள், இன்னும் 10 கொடுத்தோம். சில வாரங்களில் அவள் மெதுவாக எழுதத் தொடங்கினாள்; தெரிந்த கணக்கிலும் தவறு செய்தாள். காரணம் விளங்கப் பல நாட்கள் ஆயின. விரைந்து முடித்ததற்கு நாங்கள் கொடுத்த பரிசு தண்டனையாக இருந்தது. அதிலிருந்து தப்பும் வழியை அவள் கண்டுகொண்டாள். பிள்ளைகளில் எவரையேனும் நாம் மந்தமாக்கினோம் என்றால், அது இவளைத்தான்.

மீத்திறன் உள்ள பிள்ளைக்கு அதே கணக்கில் எண்ணிக்கையைக் கூட்டுவதால் பயனில்லை. ஆழத்தைக் கூட்ட வேண்டும். 1 முதல் 10 வரை கூட்டச் சொல்லாமல், ஒவ்வொன்றாகக் கூட்டாமல் விடை காண வழி உண்டா என்று கேட்கலாம். 1-உம் 10-உம் 11, 2-உம் 9-உம் 11 என ஐந்து இணைகள், ஆகவே 55 என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! அதேபோல், அப்பிள்ளையை நாள்தோறும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் குட்டி ஆசிரியராக்குவதும் முறையன்று. அதுவும் கற்க வந்த பிள்ளைதான். 1996-இல் நம் நாட்டில் அறிமுகமான முதல்நிலை மதிப்பீட்டுத் தேர்வில் தேறியவர்கள் மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குத் தாவ முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அத்தேர்வு கைவிடப்பட்டது. வகுப்பைத் தாண்ட முடியாவிட்டாலும், இருக்கும் வகுப்பிலேயே அப்பிள்ளைக்குப் புதியதைக் கொடுக்க முடியும்.

ஓர் ஆசிரியர், 22 பிள்ளைகள். இது நடக்கக் கூடியதா என்று கேட்பீர்கள். 1983-இல் கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் நாடு முழுவதும் தொடங்கியபோதே குறைநீக்கல், வளப்படுத்துதல் என்னும் இரண்டும் அதில் இடம்பெற்றன. பயிற்சிக் கல்லூரியில் அவற்றைப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள் நாங்கள். வகுப்பறையில்தான் மறந்துபோனோம். மூன்று பாடம் தனித்தனியே நடத்த வேண்டியதில்லை. ஒரே பாடத்திற்கு மூன்று வாசல் வைத்தால் போதும்.

ஒருநாள் தோட்டத்தில் பொறுக்கிய ரப்பர் கொட்டைகளை ஒவ்வொரு குழுவுக்கும் 24 கொடுத்து, சம வரிசைகளாக அடுக்கச் சொன்னோம். சிலர் இரண்டு வரிசை அடுக்கி எண்ணினார்கள்; அவர்களுக்கு அதுவே பாடம். பலர் மூவெட்டு 24, நாலாறு 24 என்று எழுதினார்கள். விரைந்து முடித்தவர்களிடம் ஒரு கொட்டையை எடுத்துவிட்டு, "இப்போது 23, இதை ஏன் அப்படி அடுக்க முடியவில்லை?" என்று கேட்டோம். முன் வரிசைச் சிறுமி யோசித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "எப்படிப் பிரிச்சாலும் மிச்சம் வருது சார். ஒரே வரிசையாத்தான் வைக்க முடியும்." பகா எண்ணின் இலக்கணத்தைச் சொன்னவன் அந்தக் கடைசி வரிசைச் சிறுவன்! சிறுமி திரும்பி அவனைப் பார்த்தாள். வகுப்பே பார்த்தது. வாசிப்பில் பின்தங்கியவன் எண்ணில் முந்தி நின்றான். அவனுக்குக் குறைநீக்கலும் வேண்டும், வளப்படுத்துதலும் வேண்டும். இரண்டு ஆண்டுகள் நாங்கள் அவனுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, 'மண்டு' என்ற சொல்லை வீட்டில் விட்டுவிடுங்கள். பிள்ளை எதில் தடுமாறுகிறது, எதில் மகிழ்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆசிரியரைச் சந்தியுங்கள். சக ஆசிரியர்களே, நாளை வகுப்பில் முன் வரிசையில் ஒரு பிள்ளையையும் கடைசி வரிசையில் ஒரு பிள்ளையையும் தேர்ந்துகொண்டு ஒரு வாரம் கவனித்துக் குறித்து வாருங்கள். பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லும்.