சைகோனில் 3 நாள்: தெருவோரத்தில் எதை, எப்போது சாப்பிடலாம்? சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

வியட்நாம் பயணம் இப்போது ஒரு நீண்ட வார இறுதிக்குள் அடங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் இ-விசாவின் காலத்தை 90 நாட்களாக உயர்த்தினார்கள். ஒருமுறை நுழைவதற்குக் கட்டணம் 25 டாலர். அதே ஆண்டு நவம்பரில் திருச்சியில் இருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானமும் தொடங்கியது. அந்த நகரைத்தான் உள்ளூர்க்காரர்கள் இன்றும் 'சைகோன்' என்கிறார்கள்.

ஆனால் போய்விட்டு வந்து, "பிரெட்டும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டோம்" என்று புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நிலைமை தேவையே இல்லை. அந்த ஊரின் தெருச் சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் போதும்.

ஒரு கடை, ஒரு பண்டம்

இட்லியில் தொடங்கி ஃபிரைடு ரைஸ் வரை ஒரே மெனுவில் பார்த்துப் பழகியவர்கள் நாம். சைகோன் தெருவில் ஒரு வண்டியில் பெரும்பாலும் ஒரே பண்டம்தான். பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் கிடைக்கும். நேரமும் முக்கியம். காலையில் கூட்டமாக இருந்த வண்டி மதியம் அந்த இடத்திலேயே இருக்காது. 'சாயங்காலம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

காலை என்றால் ஃபோ, ஹூ தியூ போன்ற நூடுல்ஸ் சூப்கள், அல்லது பான் மி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நீள ரொட்டிக்குள் இறைச்சி, ஊறுகாய் போட்ட காய்கறி, கொத்தமல்லி, மிளகாய் வைத்துத் தருவதுதான் பான் மி. முட்டை மட்டும் வைத்தும் கேட்கலாம்.

சைகோனுக்கே உரியது 'கொம் தாம்'. அரிசி அரைக்கும்போது உடைந்து சிதறும் நொய்தான் இதற்கு அடிப்படை. ஒரு காலத்தில் வசதியில்லாதவர்கள் பொங்கிச் சாப்பிட்டது. இன்று அதன் மேல் கரியில் சுட்ட பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்து, ஆபீஸ் போகிறவர்களும் சாப்பிடுகிறார்கள்.

இருட்டிய பிறகு 'பான் ஸேயோ' தேடுங்கள். அரிசி மாவு, மஞ்சள்தூள், தேங்காய்ப்பால் கலந்து வார்ப்பார்கள். பார்த்தால் நம்ம தோசை மாதிரியே இருக்கும். உள்ளே இறால், பன்றி இறைச்சி, முளைகட்டிய பயறு. மாவு கல்லில் விழும்போது வரும் 'ஸ்ஸ்' சத்தம்தான் 'ஸேயோ'. பிய்த்து, கீரை இலையில் சுருட்டி, சாஸில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கூடவே வரும் ஒரு தட்டு நிறையப் பச்சிலைகள் அலங்காரத்துக்கு இல்லை, சாப்பிடத்தான்.

தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

'ஃபோ' என்றால் சூப், 'போ' என்றால் மாடு. 'ஃபோ போ' மாட்டிறைச்சி சூப், 'ஃபோ கா' கோழி சூப். பன்றி 'ஹேயோ', இறால் 'தோம்'. இதில் ஒரு வம்பு: கோழிக்கும் மீனுக்கும் உள்ள சொற்கள் நம் காதுக்கு 'கா' என்றே கேட்கும். ராகம் மாறினால் பொருள் மாறும் மொழி அது. எனவே வாயால் முயற்சி செய்வதைவிட, போனில் எழுத்தைக் காட்டுவதுதான் பாதுகாப்பு.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரே சொல் போதும்: 'சாய்'. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு அதே எலும்புக் குழம்பை ஊற்றித் தருவார்கள். 'நுக் மாம்' எனும் மீன் சாஸும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். 'கொம் சாய்' என்று பலகை போட்ட கடையில் இந்தக் கவலை இல்லை. பௌத்த வழக்கப்படி நடக்கும் கடைகள் இவை. பலவற்றில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. சோயாவில் செய்த 'இறைச்சி'யைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள்.

சந்திர நாட்காட்டியின் 1, 15-ஆம் தேதிகளில், அதாவது ஏறத்தாழ நம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில், உள்ளூர்க்காரர்கள் பலரும் சைவம்தான். அன்று வழக்கத்தைவிட அதிக இடங்களில் 'சாய்' சாப்பாடு கிடைக்கும்.

காபிக்கு மொழிப் பிரச்னை கிடையாது. 'ஃபின்' என்ற சின்ன ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்‌ஷன், கண்டென்ஸ்டு மில்க், ஐஸ். பிரெஞ்சு ஆட்சியில் பசும்பால் எளிதில் கிடைக்காததால் டின் பால் வந்தது; பிறகு அதுவே ருசியாகிவிட்டது. காபி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. அதில் பெரும்பகுதி ரோபஸ்டா என்பதால் கசப்பும் வேகமும் அதிகம்.

சாப்பாட்டுக்கு நடுவே

1975 ஏப்ரல் 30 அன்று டாங்கிகள் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்த சுதந்திர மாளிகை, போர் நினைவு அருங்காட்சியகம், 1891-இல் கட்டி முடித்த மத்தியத் தபால் நிலையம் ஆகிய மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் 'ஏஜென்ட் ஆரஞ்ச்' ரசாயனத்தால் பாதிக்கப்பட்டவர்களின் படங்கள் உள்ளன. அதைப் பார்த்ததும் நேராகச் சாப்பிடப் போக முடியாது. கொஞ்சம் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

பென் தான் சந்தைக்கு அருகே, துருவோங் தின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வட்டித் தொழிலுக்காக நகரத்தார்கள் இங்கே வந்தார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் பகுதிகளில் இருந்தும் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். அந்தக் காலத்தின் மிச்சம்தான் இந்தக் கோயில். இன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீன வம்சாவளியினரும்தான். தோன் தாத் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோயிலும் உண்டு.

கூ சி சுரங்கங்களுக்குப் போகலாமா? போக வர அரை நாள் காலி. முழுதாக 3 நாள் கையில் இருந்தால் போங்கள். 2 நாள்தான் என்றால் நகரத்திலேயே இருப்பது நல்லது.

பணம், சாலை, தேதி

30,000 டாங் என்றால் சுமார் 100 ரூபாய் என்ற ஒரே கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலில் '40கே' என்றிருந்தால் 40,000. 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் நீல நிறம்தான். இருட்டில், அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு நஷ்டம். பெரிய நோட்டைத் தனியாக வையுங்கள்.

சாலையைக் கடக்கும்போது ஒரே சீராக மெதுவாக நடங்கள். பைக்குகள் உங்களைச் சுற்றிப் போய்விடும். பாதியில் திரும்பி ஓடுவதுதான் ஆபத்து. நடைபாதை ஓரத்தில் நின்று போனைப் பார்க்காதீர்கள், பைக்கில் வந்து பறிப்பது அங்கே நடக்கிறது. 2025 ஜூலை 1 முதல் 'டிஸ்ட்ரிக்ட்' பிரிவுகளையே நீக்கிவிட்டார்கள். மேப்பில் முகவரி வேறு மாதிரி காட்டினாலும், 'டிஸ்ட்ரிக்ட் 1' என்றால் எல்லோருக்கும் புரியும்.

டிக்கெட் போடும் முன் 'தெத்' எனும் சந்திரப் புத்தாண்டு எப்போது என்று பாருங்கள். ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி பிற்பகுதிக்கும் இடையில் வரும். அந்த வாரத்தில் வண்டிக்காரர்களில் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள்.