மைம்

மைம் என்பது பேச்சில்லாமல், உடலசைவாலும் முகபாவனையாலும் ஒரு நிகழ்வை நடித்துக் காட்டும் கலையாகும். அதை நிகழ்த்துபவரையும் மைம் என்பதுண்டு. தமிழில் மௌன நாடகம், ஊமை நாடகம் என்னும் பெயர்கள் வழங்குகின்றன; கல்லூரிக் கலைவிழாக்களில் மைம் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. இவற்றைக் கேட்பவர்க்கு மௌனமே இச்சொல்லின் பொருள் என்று தோன்றும். ஆனால் சொல்லின் வேரில் மௌனம் இல்லை. போலச்செய்தல் மட்டுமே உண்டு.

சொற்பிறப்பு

கிரேக்கத்தில் 'மீமோஸ்' என்றால் போலச்செய்பவர், நடிகர். மிமிக்ரி என்ற சொல்லும் இவ்வேரிலிருந்து வந்ததே. தொட்டாற்சுருங்கியின் பேரினப் பெயரான மிமோசாவும் அப்படித்தான். தொட்டதும் இலையை மடக்கி, உணர்ச்சியுள்ள விலங்கைப் போல அது நடிக்கிறதாம். இணையத்தில் உலவும் 'மீம்' இக்குடும்பத்தின் இளைய உறுப்பினர். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் இதே கிரேக்க வேரிலிருந்து அச்சொல்லை உருவாக்கினார்.

பேசிய மைம்

பண்டைக் கிரேக்கத்தில் மைம் என்பது அன்றாட வாழ்க்கையைக் காட்டும் சிறு காட்சி. அதில் பேச்சு நிறையவே இருந்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஹெரோடாஸ் செய்யுளில் எழுதிய மைம்கள் பாப்பிரஸ் சுருள் ஒன்றில் கிடைத்து, 1891-இல் அச்சாயின. அவற்றுள் ஒன்றின் களம் பள்ளிக்கூடம். சூதாட்டத்தில் பொழுதைக் கழிக்கும் மகனை ஒரு தாய் ஆசிரியரிடம் இழுத்து வருகிறாள். அவனை அடிக்கச் சொல்லி முறையிடுகிறாள். கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரிக்கச் சொன்ன நம் ஊர்ப் பழைய பெற்றோர் நினைவுக்கு வருவர்.

ரோமிலும் மைம் நடிகர்கள் முகமூடியின்றிப் பேசியே நடித்தனர், பெண்களும் நடித்தனர். அங்கு வாய்திறவாமல் ஆடியவர் வேறொருவர். 'பாண்டோமிமுஸ்', அதாவது அனைத்தையும் போலச்செய்பவர், வாய் மூடிய முகமூடி அணிந்து எல்லாப் பாத்திரங்களையும் தனியே ஆடுவார். கதையைப் பாடகர்கள் பாடுவர். இன்றோ பிரிட்டனில் பாண்டோமைம் என்றால் கிறிஸ்துமஸ் காலத்தில் பாட்டும் கேலியும் கூச்சலுமாக நடக்கும் நாடகம். இரு சொற்களும் இடம் மாறிக்கொண்டன.

மௌனம் வந்த வழி

19-ஆம் நூற்றாண்டுப் பாரிசில் சிறு அரங்குகளில் வசனம் பேச அரசு கட்டுப்பாடுகள் விதித்திருந்தது. அத்தகைய அரங்கான ஃபுனாம்புலில், வெள்ளை பூசிய முகத்துடன் பியரோ என்னும் பாத்திரத்தில் ஜான் காஸ்பார் டெபுரோ பேசாமலே புகழ்பெற்றார். தடையில் பிறந்த வழக்கம் பின்னர் கலையின் இலக்கணமாயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் எத்தியேன் டெக்ரூ அதற்கு உடற்பயிற்சி முறை வகுத்தார். அவர் மாணவர் மார்செல் மார்சோ 1947-இல் படைத்த 'பிப்', கோடிட்ட சட்டையும் பூச்செருகிய கசங்கிய தொப்பியுமாக உலகெங்கும் அறிமுகமானான். இல்லாத சுவரைத் தடவிக் காட்டும் நடிப்பு பலருக்கும் தெரிந்ததே. காற்றில் செல்லும் உள்ளங்கை சட்டென்று விறைத்து ஓரிடத்தில் நிலைத்து நின்றால்தான் அங்கே சுவர் இருப்பதாகத் தெரியும்.

பயன்பாடு

தமிழ் மேடையில் மிமிக்ரி குரலால் செய்வது, மைம் குரலின்றிச் செய்வது. ஒரே வேர்ச்சொல் இரு எதிர்த்துருவங்களில் நிற்கிறது. ஆங்கிலத்தில், பதிவு செய்த பாட்டுக்கு வாயசைப்பதையும் மைம் என்பர்.

காது கேளாதோரின் சைகை மொழியை மைம் என்பது பிழை. இந்தியச் சைகை மொழிக்குத் தனிச் சொற்களும் இலக்கணமும் உண்டு. அதைப் பயன்படுத்துபவர் பேசுகிறார், நடிக்கவில்லை. 'ஊமை' என்ற சொல் அவர்களைப் புண்படுத்தக்கூடியது என்பதால், ஊமை நாடகம் என்பதைவிட மௌன நாடகம் என்று எழுதுவதே பொருத்தம்.