முட்டையைக் குளிரவைக்கும் பறவைகள்

வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில்தான் போவார்கள். வலசை வந்த உள்ளான்கள் சேறெங்கும் மேயும் காலம் அது. பங்குனி பிறந்ததும் அந்தக் கூட்டம் கலையத் தொடங்கும். சைபீரியாவின் துருவச் சமவெளியில் முட்டையிடும் வளைமூக்கு உள்ளான், குளிர்காலச் சாம்பல் நிறம் மாறிச் செங்கல் நிறம் ஏறிய உடலோடு, வழிக்கு வேண்டிய கொழுப்பைத் தின்று சேர்த்துக்கொண்டு வடக்கே கிளம்பிவிடும். உள்ளூர்ப் பறவைகளின் பருவம் அதன் பிறகுதான் சூடு பிடிக்கிறது.

கொசஸ்தலையாற்றுச் சேறு, அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்கள், காட்டுப்பள்ளி மணல் என நீளும் இந்தப் பரப்பில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்தாம் உயரமானவை, மரங்கள் குறைவு. இப்படிப்பட்ட வெட்டவெளியைத்தான் சிவப்பு மூக்கு ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான், உப்புக்கொத்தி, சின்ன ஆலா போன்றவை விரும்புகின்றன. இவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில் ஒரு சிறு குழி, ஓரத்தில் சில சேற்றுக்கட்டிகள், அவ்வளவுதான் கூடு. மண்ணிறத்தில் கரும்புள்ளி தெளித்த முட்டைகள் தரையோடு தரையாகிவிடும். ஆட்காட்டி வழக்கமாக நான்கு இடும். கூர்முனைகள் உள்நோக்கி இருப்பதால் நான்கும் தாயின் வயிற்றுக்கடியில் அடங்கும்.

ஒளிந்துகொண்டால் போதாது, வெயிலையும் வெல்ல வேண்டும். முட்டைக்குள் கரு வளர 37, 38 டிகிரி செல்சியஸ் சூடு ஏற்றது. 42 டிகிரியைத் தாண்டிய சூடு நீடித்தால் கரு செத்துவிடும். சித்திரை நண்பகலில் வெற்றுத் தரையோ 50 டிகிரியைக் கடக்கும். அதனால் அடைகாத்தல் என்ற சொல்லுக்குப் பகலில் ஒரு பொருள், இரவில் வேறு பொருள். இரவில் சூடு கொடுக்கும் பறவை, உச்சிவெயிலில் சற்றே எழுந்து நின்று, அலகைத் திறந்து இளைத்தபடி தன் நிழலை முட்டைகள்மேல் விழச் செய்கிறது.

அதுவும் போதாதபோது தண்ணீர். ஆணோ பெண்ணோ பக்கத்து நீருக்கு ஓடி, மார்பும் வயிறும் நனையக் குந்தி எழுந்து, ஈர இறகுகளோடு திரும்பி முட்டைகள்மேல் அமரும். இறகிலும் ஓட்டிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். கடும் வெயில் நாளில் இணைகள் மாறிமாறிப் பல முறை இப்படி நனைந்து வரும். ஆட்காட்டி முட்டை பொரிய ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். அத்தனை நாளும் இந்த வேலை ஓயாது.

ஆகவே கூட்டின் அருகில் இருக்கும் நீரின் தரம் முட்டையின் உயிரோடு தொடர்புடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை எட்டியபோது, கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு கறுத்துப்போனதை எல்லோரும் பார்த்தோம். நல்லவேளையாக அது முட்டைக் காலம் இல்லை. எண்ணெய் மிதக்கும் நீரில் வயிற்றை நனைத்த பறவை, அந்த எண்ணெயை நேரே ஓட்டில்தான் பூசும். ஓட்டின் நுண்துளைகள் வழியாகத்தான் கரு மூச்சு விடுகிறது. சில துளி எண்ணெய் பட்டாலே அது இறந்துவிடக்கூடும்.

கோடையில் பார்க்க விரும்புகிறவர்கள் விடிந்ததும் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நல்லது. அத்திப்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி, சாலையோரத்திலிருந்தே பைனாகுலரில் பார்க்கலாம். உப்பள வரப்பில் ஏற வேண்டாம்; அங்கேதான் முட்டை இருக்கும். ஆட்காட்டி தலைக்குமேல் சுற்றிக் கத்தினால் அது நம்மை வரவேற்கவில்லை. முட்டையையோ குஞ்சையோ விட்டு எழுந்திருக்கிறது என்று பொருள். வந்த வழியே பின்வாங்குங்கள். அது கத்தும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. காக்கையும் நாயும் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

குறிப்பேட்டில் பறவையின் பெயரோடும் எண்ணிக்கையோடும் இன்னும் ஒன்றையும் சேர்த்து எழுதலாம்: பறவை நனைய இறங்கிய நீர் தெளிந்திருந்ததா, சாம்பல் படிந்திருந்ததா, எண்ணெய் மினுக்கியதா என்று. வடசென்னையில் அந்தக் குறிப்புக்குப் பறவைப் பட்டியலைவிட மதிப்பு அதிகம்.