மகிழுந்து ஊதுவிசிறிப் பழுது

மகிழுந்து ஊதுவிசிறி என்பது மகிழுந்தின் உட்பகுதிக்குக் குளிர்ந்த அல்லது சூடான காற்றைச் செலுத்தும் மின்விசிறி ஆகும். பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் இது 'புளோயர்' எனப்படுகிறது. குளிர்நாடுகளில் ஹீட்டர் விசிறி என்றும் மதுரை போன்ற வெப்பமான ஊர்களில் ஏ.சி. விசிறி என்றும் அழைக்கப்பட்டாலும், பெரும்பாலான மகிழுந்துகளில் இரண்டும் ஒன்றே. இவ்விசிறியின் வேகக் கட்டுப்பாட்டில் ஏற்படும் பழுது, சரிசெய்த சில மாதங்களிலேயே மீண்டும் வருவதுண்டு. கருகிய பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு, அது ஏன் கருகியது என்று பார்க்காமல் விடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

அமைப்பும் செயற்பாடும்

ஊதுவிசிறி பொதுவாக முகப்புப் பலகையின் அடியில், இடப்பக்க இருக்கைக்கு முன்னுள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். இதில் 12 வோல்ட் நேர்மின்னோட்ட மோட்டாரும், அதன் தண்டில் கூண்டு வடிவிலான விசிறியும் உள்ளன. விசிறி இழுக்கும் காற்று வடிகட்டி வழியாகச் சென்று, ஏ.சி.யின் குளிர்ந்த சுருளையோ, இயந்திரத்தின் சூடான நீர் ஓடும் ஹீட்டர் சுருளையோ கடந்து உள்ளே வருகிறது.

கையால் திருகும் குமிழ் உள்ள மகிழுந்துகளில், விசிறியின் வேகத்தை மாற்ற மின்தடையாக்கித் தொகுப்பு ஒன்று பயன்படுகிறது. பட்டறைகளில் இதனை 'ரெசிஸ்டர்' என்பர். குறைந்த வேகங்களில் மின்னோட்டம் இதன் வழியாகச் செல்கிறது. உச்ச வேகத்தில் மட்டும் இதனைத் தவிர்த்து நேராக மோட்டாருக்குச் செல்கிறது. மின்தடையாக்கி வேலை செய்யும்போது சூடாகும் என்பதால், விசிறி வீசும் காற்றிலேயே குளிரும்படி காற்றுக்குழலுக்குள் அதனைப் பொருத்துகின்றனர். வெப்பம் எல்லை மீறினால் அறுந்து மின்னோட்டத்தை நிறுத்த, பெரும்பாலும் அதில் ஒரு வெப்ப உருகியும் இருக்கும். தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு உள்ள மகிழுந்துகளில் இதற்குப் பதிலாக மின்னணுத் தொகுதி பயன்படுகிறது.

அறிகுறிகள்

* விசிறி உச்ச வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடாமல் இருத்தல். இது மின்தடையாக்கியோ அதன் வெப்ப உருகியோ பழுதானதைக் காட்டும்.
* எந்த வேகத்திலும் ஓடாமை. உருகி, மோட்டார், ரிலே, கம்பி இணைப்பு ஆகியவற்றுள் ஒன்றில் குறை இருக்கலாம்.
* கீச்சென்ற ஒலி, அதிர்வு, அல்லது முகப்புப் பலகையைத் தட்டினால் மட்டும் ஓடுதல். மோட்டாரின் புஷ் அல்லது கார்பன் தேய்ந்திருக்கலாம்.
* பிளாஸ்டிக் கருகும் வாடை. இந்நிலையில் விசிறியை உடனே நிறுத்த வேண்டும்.

பழுது மீண்டும் வருவதற்கான காரணங்கள்

ஜூல் வெப்ப விதிப்படி, மின்தடையாக்கியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எடுத்துக்காட்டாக, 1 ஓம் மின்தடை வழியாக 5 ஆம்பியர் சென்றால் 25 வாட் வெப்பம் வெளிப்படும். மோட்டாரின் புஷ் இறுகி, மின்னோட்டம் 8 ஆம்பியராக உயர்ந்தால் அதே மின்தடையில் 64 வாட் வெப்பம் உண்டாகும். வெப்பம் இரண்டரை மடங்காகும் அதே நேரத்தில் விசிறி மெதுவாகச் சுழல்வதால், மின்தடையாக்கியைக் குளிர்விக்கும் காற்றும் குறைந்துவிடுகிறது. ஆகவே, இறுகிய மோட்டாரை அப்படியே விட்டுப் புதிய மின்தடையாக்கியைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கருகும்.

வடிகட்டி அடைபட்டாலும் மின்தடையாக்கிக்குப் போதிய காற்று கிடைக்காது. கப்ளரின் முனைகள் தளர்ந்தால் அங்கும் வெப்பம் உண்டாகிப் பிளாஸ்டிக் உருகும். முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகால் துளைகள் அடைபட்டால், மழைநீர் உள்ளே இறங்கி மோட்டாரைத் துருப்பிடிக்கச் செய்யும்.

மதுரைச் சூழல்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் ஆண்டின் பெரும்பகுதி ஏ.சி. தேவைப்படுகிறது. கத்திரி வெயில் காலத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். ஹீட்டரைத் தொடாத ஓட்டுநர்கூட ஊதுவிசிறியை நாள்தோறும் பயன்படுத்துகிறார். செம்மண் தூசியும் சாலைப் புழுதியும் வடிகட்டியை விரைவில் அடைக்கின்றன. வேப்பமரத்தடியிலோ புங்கமர நிழலிலோ நிறுத்தும் வண்டிகளில், சருகுகள் முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை வரும்போது அச்சருகுகளே வடிகாலை அடைக்கின்றன. நெடுநாள் நிறுத்திவைத்த வண்டிகளில் எலிகள் கம்பிகளைக் கடிப்பதும் உண்டு.

இப்பழுதால் வெப்பம் மட்டுமே தொல்லை என்று எண்ணுவது தவறு. அடைமழையில் கண்ணாடிகளை ஏற்றி ஓட்டும்போது முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படியும். அதனை நீக்குவது ஊதுவிசிறி தரும் காற்றே. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறுவோருக்குப் பனிமூட்டத்தில் இது இன்னும் முதன்மையானது. கொண்டை ஊசி வளைவில் விசிறி நின்றால் பாதையே மறைந்துபோகலாம்.

சாஃபிரா தீவிபத்துகள்

ஊதுவிசிறிப் பழுது எவ்வளவு ஆபத்தாகக்கூடும் என்பதற்குப் பிரித்தானியாவின் வாக்ஸ்ஹால் சாஃபிரா பி வகை மகிழுந்துகள் சான்றாகும். இவற்றில் ஹீட்டர், காற்றோட்ட அமைப்பிலிருந்து தொடங்கிய தீவிபத்துகள் தொடர்ந்து நிகழ்ந்ததையடுத்து, 2015-ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. மின்தடையாக்கியின் வெப்ப உருகி முறையற்ற வகையில் பழுதுபார்க்கப்பட்டதே காரணம் என்று முதலில் நிறுவனம் கூறியது. அதன் பின்னும் தீவிபத்துகள் நிகழ்ந்தன. எனவே 2016-இல் இரண்டாம் முறை அழைப்பு விடுக்கப்பட்டது. ஈரம் புகுந்து மோட்டார் துருப்பிடிப்பதும், அதனால் அது தடையின்றிச் சுழலாமல் போவதும் அப்போது கவனத்துக்கு வந்தன. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு இதனை விசாரித்து 2017-இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு பாகத்தை மட்டும் பார்த்து மோட்டாரைப் பார்க்காமல் விடுவது போதாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

கண்டறியும் முறை

1. வண்டியை அணைத்துவிட்டு உருகியைச் சோதிக்க வேண்டும். அது அறுந்திருந்தால், அறுந்ததற்கான காரணத்தையும் தேட வேண்டும்.
2. வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தூசி அடைத்திருந்தால் புதியது மாற்ற வேண்டும்.
3. கப்ளரில் கருகல், உருகல், பச்சைக் களிம்பு உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். கருகிய கப்ளரில் புதிய மின்தடையாக்கியைச் செருகக் கூடாது.
4. மோட்டாரைக் கழற்றி விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். அது இறுக்கமின்றிச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். சருகு சிக்கியிருந்தால் நீக்க வேண்டும்.
5. நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளந்து, அவ்வண்டிக்குரிய கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

ஐந்தாம் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். மின்தடையாக்கியை மட்டும் மாற்றினால் போதுமா, மோட்டாரையும் மாற்ற வேண்டுமா என்பதை அதுவே தெளிவாக்கும். மோட்டாரை அதற்குரிய இடத்தில் பொருத்திய நிலையிலேயே அளக்க வேண்டும். வெளியே எடுத்து ஓட்டினால் காற்றின் அளவு மாறுவதால், மின்னோட்டமும் மாறிக் காட்டும்.

செய்யக் கூடாதவை

* அறுந்த வெப்ப உருகியைக் கம்பி வைத்துப் பற்றவைத்து இணைத்தல்.
* 20 ஆம்பியர் உருகி அடிக்கடி அறுகிறது என்று 30 ஆம்பியர் உருகியைப் போடுதல். இதனால் உருகிக்கு முன்பே கம்பி எரியக்கூடும்.
* கருகல் வாடை வந்த பின்னும் உச்ச வேகத்தில் ஓடுகிறதே என்று தொடர்ந்து பயன்படுத்துதல்.

தடுப்பு

கோடை தொடங்கும் முன் வடிகட்டியையும், மழைக்காலத்துக்கு முன் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகாலையும் சுத்தம் செய்வது நல்லது. பழுது பார்க்கக் கொடுக்கும்போது, கழற்றிய பழைய பாகத்தையும் மோட்டாரின் ஆம்பியர் அளவையும் கேட்டுப் பெற வேண்டும். அந்த அளவைக் குறித்து வைத்திருந்தால், பழுது மீண்டும் வரும்போது மோட்டார் இறுகியுள்ளதா என ஒப்பிட்டு அறியலாம்.