ஒரு குழாய், ஒரு ராணி

2025 ஏப்ரலில் கென்யாவின் நைவாஷா ஊரில் ஒரு விடுதி அறையைச் சோதனையிட்ட அதிகாரிகள், ஈரப்பஞ்சு அடைத்த இரண்டாயிரத்துச் சொச்சம் சிறு குழாய்களைக் கைப்பற்றினார்கள். உள்ளே சுமார் 5,000 ராணி எறும்புகள். அறையில் தங்கியிருந்தவர்கள் பெல்ஜியத்திலிருந்து வந்த 19 வயது இளைஞர்கள் இருவர். இன்னொரு வழக்கில் வியட்நாம்காரர் ஒருவரும் கென்யர் ஒருவரும் சிக்கினார்கள். மே மாதம் நைரோபி நீதிமன்றம் நால்வருக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டத் தவறினால் ஓராண்டு சிறை என்று தீர்ப்பளித்தது.

பிடிபட்டவை பெரும்பாலும் மெஸ்ஸோர் செஃபலோட்டஸ் என்ற பெரிய எறும்புகள். கிழக்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் விதை சேகரித்து வாழ்பவை. ஐரோப்பாவில் வீட்டில் எறும்பு வளர்ப்பவர்களிடம் இதன் ராணி ஒன்று அப்போது 170 பவுண்டு வரை விலை போனது. இந்தப் பொழுதுபோக்கை மனதார நேசிக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி வலிக்கத்தான் செய்யும். நம் தெருவிளக்கின் அடியில் ஒரு மழை இரவு இலவசமாக ராணியைத் தரும்போது, கண்டம் தாண்டிக் கடத்தி விற்கவேண்டிய அவசியமே இல்லை.

ராணிக்கு ஏன் இத்தனை மதிப்பு? அவள் வாழ்வில் பறப்பது ஒரே ஒரு பருவத்தில்தான். மழை பெய்து மண் இளகியதும் ஓர் இனத்தின் பல புற்றுகளிலிருந்து இறக்கை முளைத்த ராணிகளும் ஆண்களும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. இணை சேர்ந்ததும் ஆண் எறும்புகள் சீக்கிரமே செத்துப்போகும். ராணியோ அன்று பெற்ற விந்தணுக்களை வயிற்றுக்குள் ஒரு சிறு பையில் சேமித்து, ஆயுள் முழுக்க அதைக் கொண்டே முட்டையிடுவாள். அந்த ஆயுளும் சின்னதல்ல. ஐரோப்பியத் தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும் லாசியஸ் நைகர் என்ற கறுப்பு எறும்பின் ராணி ஒன்று, வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறது.

வீட்டில் எறும்பு வளர்த்து உலகுக்குப் பாடம் சொன்னவர்களில் முன்னோடி ஜான் லப்பக். இங்கிலாந்தில் வங்கி நடத்தியவர், நாடாளுமன்ற உறுப்பினர், டார்வினின் பக்கத்து ஊர்க்காரர். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண்ணைப் பரப்பி எறும்புகளைக் குடியேற்றினார். ஒவ்வொரு எறும்பையும் அடையாளம் காண முதுகில் சாயப் பொட்டு வைத்தார். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி எறும்புக்குத் தெரியும் என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார். அந்த ஒளி விழுந்த இடத்திலிருந்து கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு எறும்புகள் ஓடின. அவரிடம் ஒரு ராணி பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது.

ராணியைப் பிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், கண் வேண்டும். மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றுவதெல்லாம் எறும்பல்ல. பெரும்பாலும் ஈசல், அதாவது கரையான். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தடித்திருக்கும், உணர்கொம்பு நேராக இருக்கும். எறும்புக்கு முன் இறக்கை நீளம், இடுப்பு நூலாகச் சிறுத்திருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும். எறும்பிலும் சிறிய தலையோடு ஒல்லியாக இருப்பது ஆண். நமக்கு வேண்டியது இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் பரபரவென்று ஒதுங்க இடம் தேடும் பெண். மார்பு புடைத்திருக்கும், அதில் இறக்கை இருந்த தழும்பு தெரியும். புற்றைத் தோண்டி ராணியை எடுப்பது மட்டும் கூடவே கூடாது. ராணி போனால் அந்தப் புற்று மெல்ல மெல்ல அழிந்துவிடும். பறந்து வந்த ராணிகளில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்தாலே அதிகம். மிச்சம் பல்லிக்கும் குருவிக்கும் இரை. அவற்றில் ஒன்றை எடுத்தால் இயற்கைக்கு நட்டமில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நம் ஊர்க் கட்டெறும்பு, அந்தப் பெரிய கறுப்பு எறும்பு, நல்ல தேர்வு. முசுறு வேண்டாம். அதற்கு உயிருள்ள இலையும், இலையைத் தைக்கப் புழுவின் பட்டும் வேண்டும். அதன் கடியும் லேசானதல்ல.

ஆய்வகச் சோதனைக்குழாய் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தண்ணீரைத் தொடும்வரை பஞ்சை இறுக்கமாகத் தள்ள வேண்டும். மிச்ச இடத்தில் ராணியை விட்டு, வாயைக் காய்ந்த பஞ்சால் அடைத்து, துணியில் சுற்றி, ஆள் நடமாட்டத்தின் அதிர்வு படாத அலமாரியில் வைத்துவிடலாம். சாப்பாடு போட வேண்டியதில்லை. பறப்பதற்கு உதவிய மார்புத் தசைகள் இனி அவளுக்குத் தேவையில்லை. அவற்றையும் உடற்கொழுப்பையும் கரைத்துத்தான் முதல் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள். இந்தக் கட்டத்தில் ஆர்வக்கோளாறில் தினமும் எடுத்துப் பார்ப்பவர்கள் கையில்தான் ராணிகள் அதிகம் கெட்டுப்போகின்றன. பயந்துபோனால் தன் முட்டையையே தின்றுவிடுவாள். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

முட்டைகள் வெள்ளைத் துகள்களாக ஒரே குவியலாய் இருக்கும். பிறகு புழு. பிறகு அது பழுப்புக் கூடு கட்டிக்கொள்ளும்; கூட்டின் ஒரு முனையில் கரும்புள்ளி தெரியும். புழுவாக இருந்தபோது சேர்ந்த கழிவு அது. ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மாதத்தில் ராணியே கூட்டைக் கடித்துக் கிழித்து முதல் மகளை வெளியே இழுக்கிறாள். வெளிறிய உடம்பு, நிற்கத் தடுமாறும் கால்கள், வழக்கமான வேலைக்கார எறும்பில் பாதி அளவுதான் இருக்கும். ஓரிரு நாளில் கறுத்துவிடும். அப்போது பஞ்சை விலக்கி, குண்டூசி முனை அளவு சர்க்கரைத் தண்ணீரை வைத்துப் பாருங்கள். முதல் மகள் வந்து வயிறு பளபளக்கக் குடிப்பாள், உள்ளே திரும்பி ஓடுவாள், தாயின் வாயோடு வாய் வைப்பாள். இத்தனை நாள் பட்டினி கிடந்து பிள்ளை வளர்த்தவளுக்கு அதுதான் முதல் சாப்பாடு. இந்த வளர்ப்பில் இதைவிடப் பெரிய காட்சி எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் இனிப்போடு புரதமும் வேண்டும்: அடித்த கொசு, சின்னக் கரப்பானின் கால். பூச்சிமருந்து பட்டது ஆகாது. குழாயில் இடம் போதாமல்போகும்வரை அதிலேயே இருக்கட்டும். அவசரப்பட்டு பெரிய அக்ரிலிக் கூடு வாங்குவது வீண்; சின்னக் கூட்டம் பெரிய இடத்தில் குப்பையை ஒரு மூலையில் குவிக்கும், பூஞ்சை பிடிக்கும். குழாயை வைத்து இரை போடும் பெட்டியின் விளிம்பில் டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் எறும்பு ஏற முடியாமல் வழுக்கும்.

வெளிநாட்டு ராணியை வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு உணர்ச்சி மட்டும் காரணமல்ல. மூடியில் ஒரு மயிரிழை இடைவெளி போதும், அவை தப்பிவிடும். நம் வயல் வரப்புகளில் சுருக்கென்று கொட்டும் நெருப்பெறும்பின் பூர்விகம் வெப்பமண்டல அமெரிக்கா. திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையடிவார ஊர்களில் 2022இல் மஞ்சள் பைத்திய எறும்புகள் பெருகி, ஆடுமாடுகளின் கண்ணையே பதம் பார்த்ததில் மக்கள் தவித்தார்கள். உலகம் முழுக்கப் பரவித் தொல்லை தரும் இனம் அது. கென்யப் புல்வெளியில் புல்விதையைப் பரப்பி நல்லது செய்யும் எறும்பு, வேறொரு நாட்டில் என்ன செய்யும் என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது.

உள்ளூர் ராணி என்றால் இன்னொரு வசதியும் உண்டு. வீடு மாற்றும்போதோ, வெளியூர் படிப்புக்குப் போகும்போதோ கூட்டத்தைப் பராமரிக்க முடியாமல்போனால், அவளைப் பிடித்த அதே இடத்துக்கு எடுத்துப்போகலாம். வெயில் தாழ்ந்த பிறகு, மரத்தடியின் ஈர மண்ணில், கூட்டின் வாயைத் திறந்து சாய்த்து வைத்தால், இரவுக்குள் தாங்களாகவே இடம் பார்த்துக்கொள்வார்கள்.