எலும்பு சேர்ந்துவிட்டது, வலி ஏன் போகவில்லை?

சாலை விபத்தில் கால் முறிந்தவருக்குப் பிளேட் வைத்தாயிற்று, காயம் ஆறிவிட்டது, எக்ஸ்ரேயில் எலும்பும் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் வலி விடவில்லை. வீட்டார் அப்போது ஆபரேஷனில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள், இல்லையென்றால் இவர் கூட்டிச் சொல்கிறார் என்று நினைப்பார்கள். இரண்டும் அல்லாத விளக்கம் ஒன்று உண்டு: வலியே ஒரு நோயாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், காயத்துக்குப் பின் நீடிக்கும் வலிக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. அதைத் தனி நோயாகப் பார்த்தால் வைத்தியமும் வேறாகும்.

காயத்தின் அளவும் வலியின் அளவும்

இரண்டாம் உலகப் போரில் படுகாயமடைந்த வீரர்களை ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் விசாரித்தபோது, பெரும்பாலோர் வலிமருந்து வேண்டாம் என்றார்கள். இதற்கு நேர்மாறாக, அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடி பட்டவர்களைக் கவனித்த வெய்ர் மிட்செல், புண் ஆறிய பின்னும் தீயாய் எரியும் வலியை 1864இலேயே பதிவு செய்தார். துண்டிக்கப்பட்டு இல்லாமலே போன காலில் வலியை உணர்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வலி, காயத்தை அளந்து காட்டும் அளவுகோல் அல்ல. காயத்திலிருந்து இடைவிடாமல் சேதி வந்தால் தண்டுவட நரம்பணுக்கள் கூர்மையாகிவிடுகின்றன என்று கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983இல் காட்டினார். அந்தக் கூர்மை தணியாமல் தங்கிவிட்டால், போர்வை உரசுவதும் குளிர்காற்று படுவதும்கூட வலியாகும்.

“அப்படியென்றால் மனப்பிரமைதானே?”

அப்படிக் கேட்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: முள் குத்திய வலியும் மூளையில்தான் உணரப்படுகிறது. கை, கால் முறிவுக்குப் பின் சிலருக்கு வரும் ‘காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்’ நோயில் தோல் சிவக்கும் அல்லது நீலம் பாயும், வீக்கம் வரும், ஒரு கை மட்டும் சூடாகவோ சில்லென்றோ இருக்கும், வியர்வையும் நக வளர்ச்சியும் மாறும். இதெல்லாம் நடிப்பில் வராது. தூக்கமின்மை, பயம், வேலை போன கவலை ஆகியவை வலியைக் கூட்டும் என்பது மெய். அதனால் வலி பொய்யாகிவிடாது. இழப்பீட்டுக்காக நடிப்பவர் ஒருவர் இருக்கலாம். அவரை மனத்தில் வைத்து எல்லோரையும் சந்தேகித்தால், தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டிய சிகிச்சை மற்றவர்களுக்குத் தவறிப்போகும். அது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

ஓய்வு எப்போது எதிரியாகிறது

புதுக் காயத்துக்கு ஓய்வு தேவை. ஆறிய காயத்துக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தால் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, நரம்பின் கூர்மையும் குறைவதில்லை. பலர் இன்னொரு தவறும் செய்கிறார்கள்: வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையெல்லாம் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் நடந்தால் வலி ஏறும் என்றால் ஏழு நிமிடத்தில் தொடங்க வேண்டும். நல்ல நாளிலும் ஏழு, கெட்ட நாளிலும் ஏழு. பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். அசைத்தால் எலும்பு விலகிவிடாதா என்ற அச்சம் இயல்பானதே. எலும்பு உறுதியாகச் சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, இப்படி அளந்து நடக்கும்போது வரும் வலி புதுச் சேதத்தின் அடையாளமாக இருப்பது அரிது. ஆனால் காய்ச்சல், புண்ணில் சீழ், புதிதாக மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்தின் பங்கு இதில் சிறியது. மருந்துக் கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். நரம்பு வலிக்கென்று மருத்துவர் தரும் அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் போன்றவை சிலருக்கு ஓரளவு குறைக்கும். முற்றாக நீக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பிசியோதெரபிஸ்டுகள் தரும் கண்ணாடிப் பயிற்சியும் சிலருக்குக் கைகொடுக்கிறது. நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்கும் இம்முறையை 1990களில் அறிமுகப்படுத்தியவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், “இன்னுமா வலிக்குது?” என்று கேட்காதீர்கள். “இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?” என்று கேளுங்கள், முடிந்தால் கூடவே நடந்துவிட்டு வாருங்கள்.