கண் நல்லாத்தான் தெரியுது... ஆனா எலும்பு? - பைக் ஓட்டுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய கண்குழி முறிவு

கங்கைகொண்டான் சிப்காட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு, நான்கு வழிச்சாலையில் நெல்லைக்குத் திரும்புறீங்கனு வெச்சுக்குவோம். ஹெல்மெட் டேங்க் மேல இருக்கு. குறுக்க ஒரு நாய் ஓடுது. வண்டி சறுக்கி, முகம் தரையில் மோதுது. கண் வீங்கியிருக்கு, ஆனா பார்வை தெரியுது. 'ஐஸ் வெச்சா சரியாயிடும்'னு ரூமுக்குப் போய் படுத்துடுவீங்க. சிக்கலே அங்கதான்!

நம்ம கண் உட்கார்ந்திருக்கிற குழி, 7 எலும்புகள் சேர்ந்தது. விளிம்பு கெட்டி, அடித்தளமோ முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. பைக் விபத்தில் பெரும்பாலும் கன்ன எலும்போடு சேர்ந்து விளிம்பு உடையும். பந்தோ, கைமுட்டியோ நேரா கண்ணுல பட்டா, விளிம்பு தப்பிச்சு அடித்தளம் மட்டும் உடையலாம். இதுக்குப் பேர் 'ப்ளோ-அவுட்' முறிவு. நம்ம நாட்டில் இந்தக் காயங்களோட வர்றவங்கள்ல இளைஞர்கள்தான் அதிகம். முதல் காரணம் சாலை விபத்து.

உடைஞ்ச இடுக்கில் கண்ணை அசைக்கிற தசை சிக்கிக்கலாம். அப்போ மேலே பார்த்தா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். கன்னம், மேல் உதடு மரத்துப்போகும். கண் உள்வாங்கின மாதிரி இருக்கும்.

சின்னப் பசங்க விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அவங்க எலும்பு வளைஞ்சு திரும்ப மூடிக்கும். தசை உள்ளே மாட்டிக்கும். வெளியே ரத்தக்கட்டுகூட இருக்காது. வாந்தி வரும், நாடித்துடிப்பு குறையும். 'தலையில்தான் அடி'னு நினைச்சு கண்ணைக் கவனிக்காம விட்டுடுறதும் உண்டு. இதுக்கு ஓரிரு நாள்களுக்குள் ஆபரேஷன் தேவை. யாருக்கா இருந்தாலும், கண் பிதுங்கி பார்வை மங்கினா ஒரு நிமிஷம்கூட காத்திருக்காதீங்க.

மத்தபடி, எல்லா முறிவுக்கும் கத்தி தேவையில்லை. சி.டி ஸ்கேன்ல எலும்பு பெருசா விலகலைன்னா, கண்காணிப்பே போதும். தேவைப்பட்டா வீக்கம் வடிஞ்சதும், பொதுவா 2 வாரத்துக்குள், டைட்டானியம் வலை வெச்சு அடித்தளத்தைச் சரிசெய்வாங்க.

அதுவரை ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: மூக்கைச் சிந்தாதீங்க! அடித்தளத்துக்குக் கீழேதான் சைனஸ் அறை. அங்கிருக்கிற காற்று, உடைசல் வழியா கண்குழிக்குள் புகுந்துடும்.

செலவை நினைச்சும் தயங்க வேண்டாம். 108-ஐ கூப்பிடுங்க. 2021 டிசம்பரில் தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லைன்னாலும் கிடைக்கும்.

முக்கியமா, தலையை மட்டும் மூடுற ஹெல்மெட் முகத்தைக் காப்பாத்தாது. தாடை வரை மூடுற ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டா வாங்கி, ஸ்ட்ராப்பை மாட்டுங்க. அது இருக்கவேண்டிய இடம் டேங்க் இல்லை பாஸ்!